காற்றை மட்டும் சுமக்கும் வளையம்: மலிவு லென்ஸ் அடாப்டரை நம்பலாமா?

பல வீடுகளின் அலமாரியில் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். தாத்தாவோ பெரியப்பாவோ 1970களில் வாங்கியதாக இருக்கலாம். ஃபிலிம் கழுவும் கடைகள் அருகிவிட்டதால் அதை யாரும் தொடுவதில்லை. ஆனால், அதன் முன்னால் இருக்கும் லென்ஸ் இன்றும் நன்றாகவே இருக்கக்கூடும். அந்த லென்ஸைக் கழற்றி, இன்றைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டிப் படம் பிடிக்கலாம். இடையில் ஓர் உலோக வளையம் மட்டும் தேவை. அதுதான் லென்ஸ் அடாப்டர்.

இணையக் கடைகளில் இந்த வளையம் சில பத்து ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, மின்சுற்று இல்லை. உள்ளே இருப்பது வெறும் காற்று. அப்படியிருக்க விலையில் ஏன் இவ்வளவு வேறுபாடு? மலிவான அடாப்டரை மாட்டி எடுத்த படம் மங்கலாக வந்தால், “பழைய லென்ஸ்தானே, கெட்டுப்போயிருக்கும்” என்று பலர் லென்ஸையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். குற்றவாளி லென்ஸா, வளையமா? இயற்பியல் வகுப்பில் படிப்பதைக் கொண்டே இதைக் கண்டுபிடிக்கலாம்.

வளையத்தின் ஒரே வேலை

ஒவ்வொரு கேமராவிலும் லென்ஸ் வந்து உட்காரும் உலோக முகத்துக்கும் ஃபிலிமுக்கும் (இன்று சென்சருக்கும்) இடையே ஒரு குறிப்பிட்ட தூரம் உண்டு. அதை இங்கே ‘மவுண்ட் தூரம்’ என்று அழைப்போம். லென்ஸைச் செய்பவர் இந்தத் தூரத்தை நம்பித்தான் அதைச் செய்கிறார்.

பழைய எஸ்எல்ஆர் கேமராக்களுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். அது மேலெழுந்து இறங்க இடம் வேண்டும். அதனால் அவற்றின் மவுண்ட் தூரம் அதிகம். 2008இல் பேனசோனிக் ஜி1 கேமராவுடன் தொடங்கிய மிரர்லெஸ் வகையில் அந்தக் கண்ணாடி இல்லை. ஆகவே தூரமும் குறைந்தது. சில அளவுகளைப் பாருங்கள்:

நிக்கான் எஃப் – 46.5 மி.மீ.
எம்42 திருகு மவுண்ட் – 45.46 மி.மீ.
கேனன் இஎஃப் – 44 மி.மீ.
கேனன் ஆர்எஃப் – 20 மி.மீ.
சோனி இ – 18 மி.மீ.
ஃபூஜிஃபிலிம் எக்ஸ் – 17.7 மி.மீ.
நிக்கான் இசட் – 16 மி.மீ.

எம்42 என்பது 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரியிடையும் கொண்ட திருகு மவுண்ட். 1949இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான காண்டாக்ஸ் எஸ் கேமராவில் இது வந்தது. பின்னர் ஜப்பானின் பென்டாக்ஸ், சோவியத் நாட்டின் செனித் எனப் பல கேமராக்கள் இதையே பயன்படுத்தின. அதனால் இன்று கைமாறும் பழைய லென்ஸ்களில் எம்42 வகை நிறையவே உண்டு.

இந்த லென்ஸைச் சோனி இ மவுண்ட் கேமராவில் மாட்ட வேண்டுமானால் கணக்கு எளிது: 45.46 – 18 = 27.46. லென்ஸைக் கேமராவின் மவுண்டிலிருந்து சரியாக 27.46 மி.மீ. தள்ளி, நேராகப் பிடித்திருப்பதுதான் அடாப்டரின் ஒரே வேலை.

கழித்தலில் எதிர்மறை விடை வந்தால்? எம்42 லென்ஸை நிக்கான் எஃப் கேமராவில் மாட்ட –1.04 மி.மீ. தடிப்புள்ள வளையம் தேவை. அப்படி ஒன்றைச் செய்யவே முடியாது. கண்ணாடி இல்லாமல் விற்கப்படும் அத்தகைய வளையத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தூரத்துக் காட்சி தெளிவாக விழாது. எனவே வாங்குவதற்கு முன் கழித்துப் பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு.

ஒரு தாள் தடிப்பில் என்ன கெடும்?

27.46 மி.மீ. இருக்க வேண்டிய வளையம் 27.56 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிழை 0.1 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஓர் ஏ4 தாளின் தடிப்பு. இது ஒரு பொருட்டா?

வில்லைகளுக்கு நியூட்டன் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி, பொருள் முன்குவியத்திலிருந்து உள்ள தூரத்தையும், பிம்பம் பின்குவியத்திலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கினால் குவியத் தூரத்தின் வர்க்கம் கிடைக்கும். இதைக் கொண்டு, தடித்த வளையம் மாட்டிய லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு தொலைவு வரை தெளிவாகக் குவிக்கும் என்று கணக்கிடலாம். குவியத் தூரத்தின் வர்க்கத்தைப் பிழையால் வகுத்தால் போதும்.

50 மி.மீ. லென்ஸ்: 2500 ÷ 0.1 = 25,000 மி.மீ., அதாவது 25 மீட்டர்.
24 மி.மீ. அகலக்கோண லென்ஸ்: 576 ÷ 0.1 = 5,760 மி.மீ., ஏறக்குறைய 5.8 மீட்டர்.
135 மி.மீ. லென்ஸ்: 18,225 ÷ 0.1 = 182,250 மி.மீ., ஏறக்குறைய 182 மீட்டர்.

ஒரு தாள் தடிப்புப் பிழையால் 24 மி.மீ. லென்ஸ் ஆறு மீட்டருக்கு அப்பால் எதையும் கூர்மையாகக் குவிக்காது. கேஎல்சிசி பூங்காவில் நின்று இரட்டைக் கோபுரத்தைப் படமெடுத்தால், நண்பரின் முகம் தெளிவாக இருக்கும், கோபுரம் மங்கிவிடும். குவியத் தூரம் குறையக் குறைய அடாப்டரின் பிழை பெரிதாகத் தெரியும் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு அஞ்சியே பல தயாரிப்பாளர்கள் வளையத்தைத் தேவைக்குச் சற்று மெல்லியதாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸின் வளையம் முடிவிலிக் குறியைத் தொடும் முன்பே தூரக் காட்சி தெளிவாகிவிடும். லென்ஸில் பொறித்திருக்கும் தூர அளவு பொய்யாகிப் போகும். கேமராத் திரையைப் பார்த்தே குவிக்கும் நமக்கு இது பெரிய இழப்பு அல்ல.

தடிப்பைவிடச் சாய்வு மோசம்

வளையம் முழுவதும் ஒரே அளவு மெலிந்திருந்தால் லென்ஸைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால்? லென்ஸ் சென்சருக்கு இணையாக நிற்காமல் சாய்ந்துவிடும். படத்தின் இடப்பக்கத்தைக் குவித்தால் வலப்பக்கம் மங்கும். வலப்பக்கத்தைக் குவித்தால் இடப்பக்கம் மங்கும். எவ்வளவு திருகினாலும் இது தீராது.

இதையும் கணக்கிடுவோம். 50 மி.மீ. அகல வளையத்தில் இரு பக்கமும் 0.1 மி.மீ. வேறுபட்டால், சாய்வு 500இல் 1. முழுச் சட்டகச் சென்சரின் அகலம் 36 மி.மீ.; மையத்திலிருந்து ஓரம் 18 மி.மீ. ஆகவே ஓரத்தில் குவியம் 18 ÷ 500 = 0.036 மி.மீ. தவறும்.

லென்ஸிலிருந்து ஒளி ஒரு கூம்பு போலக் குவிந்து சென்சரை அடைகிறது. குவியம் தவறினால் புள்ளி விழ வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் விழும். அதன் விட்டம் என்பது, குவியம் தவறிய தூரத்தைத் துளை எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விடை. எஃப் 2இல் 0.036 ÷ 2 = 0.018 மி.மீ. 6000 × 4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் முழுச் சட்டகச் சென்சரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மி.மீ. அப்படியானால் புள்ளி மூன்று பிக்சலுக்குப் பரவும். கண்ணுக்குத் தெரியும் மங்கல் அது.

அதே லென்ஸைத் துளை சுருக்கி எஃப் 8இல் வைத்தால் 0.036 ÷ 8 = 0.0045 மி.மீ. இது ஒரு பிக்சலுக்கும் குறைவு. மங்கல் மறைந்துவிடும். “எனக்கு இந்த மலிவு அடாப்டர் அருமையாக வேலை செய்கிறது” என்று ஒருவரும், “படு மோசம்” என்று இன்னொருவரும் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? முதலாமவர் பகலில் எஃப் 8இல் எடுத்திருப்பார். இரண்டாமவர் மாலையில் எஃப் 2இல் எடுத்திருப்பார். வளையம் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

ஆட்டம், துகள், பளபளப்பு

அளவு சரியாக இருந்தாலும் உழைப்பு வேண்டும். அடாப்டரின் உறுதியைத் தீர்மானிப்பவை மூன்று.

முதலாவது, பொருத்தம். கேமராவில் மாட்டியபின் வளையம் அசைந்தால் ஒவ்வொரு படத்திலும் சாய்வு மாறும். மலிவான சில வளையங்கள் இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்யப்பட்டுச் சிறு திருகுகளால் இணைக்கப்படுகின்றன. நாளடைவில் திருகுகள் தளரலாம். எடை கூடிய லென்ஸ் இதை விரைவுபடுத்தும். 600 கிராம் லென்ஸின் ஈர்ப்பு மையம் மவுண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளியிருந்தால், வளையத்தின் மீது செயல்படும் திருப்புத்திறன் ஏறக்குறைய 0.6 நியூட்டன் மீட்டர். எனவே கனமான லென்ஸை மாட்டும்போது கேமராவை மட்டும் பிடிக்காமல் லென்ஸை இடக்கையால் தாங்க வேண்டும்.

இரண்டாவது, உலோகம். மலிவு வளையங்கள் பெரும்பாலும் அலுமினியம். விலை கூடியவற்றில் உராயும் பகுதியைப் பித்தளையாலோ துருப்பிடிக்காத எஃகாலோ செய்வதுண்டு. அலுமினியம் மென்மையானது, அடிக்கடி மாட்டிக் கழற்றினால் தேயும். உதிரும் துகள் சென்சர் மேல் விழுந்தால் படத்தில் கறையாகத் தெரியும். சரியாகச் சீவப்படாத விளிம்பு என்றால், புதிய வளையத்திலேயே துகள் ஒட்டியிருக்கலாம்.

நம் ஊர் வெயிலில் அலுமினியம் விரிந்து அளவு மாறாதா என்று கேட்கலாம். 20 பாகை வெப்பம் கூடினால் 27.46 மி.மீ. அலுமினியம் ஏறக்குறைய 0.013 மி.மீ. மட்டுமே நீளும். கடைசலில் நேரும் 0.1 மி.மீ. பிழையோடு ஒப்பிட்டால் அது எட்டில் ஒரு பங்குதான். வெயில் மீது பழி போட வேண்டியதில்லை.

மூன்றாவது, உட்சுவர். கறுப்பாக இருந்தாலும் பளபளப்பாக இருந்தால், பக்கவாட்டில் வரும் ஒளி அதில் பட்டுத் தெறித்துச் சென்சரில் விழும். படம் முழுவதும் வெண்புகை படர்ந்ததுபோல் வெளிறிவிடும். நல்ல அடாப்டர்களின் உள்ளே வரிவரியான பள்ளங்களோ ஒளியை விழுங்கும் மங்கிய கறுப்புப் பூச்சோ இருக்கும்.

நீங்களே சோதிக்கலாம்

1. நான்கு இடங்களில் அளவிடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள வெர்னியர் அளவி பெரும்பாலும் 0.1 மி.மீ. வரை மட்டுமே காட்டும். நாம் தேடும் பிழையே அவ்வளவுதான். மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. காட்டும். ஆனால், வழக்கமான ஆய்வக மைக்ரோமீட்டர் 25 மி.மீ. வரைதான் விரியும், 27.46 மி.மீ. வளையம் அதற்குள் நுழையாது. 0.01 மி.மீ. காட்டும் மின்னியல் அளவி கிடைத்தால் நல்லது. லென்ஸும் கேமராவும் தொடும் இரு முகங்களுக்கு இடையே, கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி நிலைகளில் அளந்து ஒப்பிடுங்கள்.

2. தூரத்தைப் பாருங்கள். சில நூறு மீட்டர் தள்ளியுள்ள அடுக்குமாடியைத் துளையை முழுவதும் திறந்துவைத்து, திரையைப் பெரிதாக்கிக் குவியுங்கள். கடைசிவரை திருகியும் தெளியவில்லை என்றால் வளையம் தடித்திருக்கலாம்.

3. ஓரங்களை ஒப்பிடுங்கள். அதே படத்தில் இரு ஓரமும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எங்கோ சாய்வு இருக்கிறது.

4. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அறிவியல் வகுப்பில் படித்த மாறிகள் இங்கே உதவும். அதே அடாப்டரில் வேறொரு லென்ஸை மாட்டிப் பாருங்கள். மங்கிய பக்கம் மாறாவிட்டால் லென்ஸ் குற்றவாளி அல்ல. பிறகு அடாப்டரைக் கழற்றிவிட்டு, கேமராவின் சொந்த லென்ஸை மாட்டிப் பாருங்கள். இப்போது இரு பக்கமும் தெளிவாக இருந்தால், எஞ்சியிருப்பது அடாப்டர் மட்டுமே.

5. கைவிளக்கை வளையத்துக்குள் சாய்வாக அடியுங்கள். உட்சுவர் மின்னுகிறதா என்று பாருங்கள். அதே விளக்கால் லென்ஸையும் பாருங்கள். நம் ஈரப்பதத்தில் பழைய லென்ஸ்களுக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்வதுண்டு. அந்த மங்கலுக்கு அடாப்டர் பொறுப்பல்ல.

கேமரா படமே எடுக்க மறுத்தால் பதற வேண்டாம். வெற்று வளையத்தில் மின்தொடர்பு இல்லாததால் லென்ஸே இல்லை என்று கேமரா நினைக்கிறது. ‘லென்ஸ் இல்லாமல் படமெடு’ என்ற வகையில் ஓர் அமைப்பு மெனுவில் இருக்கும். அதை இயக்கினால் போதும். அதேபோல், வளையம் மாட்டும்போது இறுகினால் பலங்கொண்டு திருகாதீர்கள். சிக்கிக்கொண்ட வளையம் கேமராவின் மவுண்டையே கெடுத்துவிடும்.

எதை வாங்குவது?

50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, எடை குறைந்த லென்ஸைத் துளை சுருக்கிப் பயன்படுத்துவோருக்கு மலிவு வளையம் பெரும்பாலும் போதும். அகலக்கோண லென்ஸுக்கும், கனமான லென்ஸுக்கும், துளையை முழுதாகத் திறந்து எடுப்போருக்கும் துல்லியமான வளையம் அவசியம்.

விலை மட்டும் சான்றாகாது. ஒரே பெயரில், ஒரே பெட்டியில் வரும் இரண்டு வளையங்கள்கூட வேறுபடலாம். விலை கூடும்போது நாம் உண்மையில் வாங்குவது, ஒவ்வொன்றையும் அளந்து தவறானதை ஒதுக்கும் உழைப்பை. அந்த அளவீட்டை நாமே செய்ய முடியுமானால், திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மலிவானதை வாங்கிச் சோதித்துப் பார்க்கலாம். தாத்தாவின் லென்ஸைக் குப்பையில் போடும் முன் இந்த ஐந்து சோதனைகளுக்கும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள்.