காணாப் பொருளுக்கு ஒரு தராசு

ஒளியையும் வெளிவிடாத கருந்துளையை நிறுத்தவர் யாவர், அவர் கூறும் எண்ணை நம்புவது எங்ஙனம் என்று மாணவர் என்னை வினவுவதுண்டு. நியாயமான வினாவே.

1943ஆம் ஆண்டில் கார்ல் சைஃபேர்ட் என்னும் அமெரிக்க வானியலறிஞர் சில விண்மீன் திரள்களின் ஒளிமிக்க நடுப்பகுதியை ஆராய்ந்தார். அவற்றின் நிறமாலைக் கோடுகள் மெல்லிய கீற்றாக நில்லாது அகன்று பரந்திருந்தன. நம்மை நோக்கி விரையும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்வதன் ஒளி செம்பக்கமும் பெயர்வதால் நேரும் அகற்சி இது. அகலத்தை அளந்தால் வேகம் கிடைக்கும். அது செக்கனுக்குப் பல்லாயிரம் கிலோமீற்றராதலும் உண்டு. அத்துணை விரையும் வாயு சிதறாது கட்டுண்டு நிற்பதெனின், நடுவில் பெருந்திணிவொன்று அதனைப் பற்றியிருத்தல் வேண்டும்.

வேகம் மட்டும் போதாது. வாயு நடுவிலிருந்து எவ்வளவு தொலைவிலுள்ளது என்பதும் வேண்டும். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரியும் இடத்துக்கு அளவுகோல் ஏது? 1982இல் பிளான்ட்ஃபோர்ட், மக்கீ என்னும் இருவர் அதனைக் காலத்திலே தேடும் வழியை வகுத்தனர். கருந்துளையை நோக்கி வீழும் பொருளினின்று எழும் ஒளி கூடிக் குறைகின்றது. அவ்வொளி வாயுவை எட்டிய பின்னரே கோடுகளும் கூடிக் குறைகின்றன. மலையடிவாரத்திற் கூவியவன் எதிரொலிக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தால், தாமதமே தொலைவைச் சொல்லிவிடும். என்.ஜீ.சீ. 5548 என்னும் திரளை 1988 டிசெம்பர் முதல் பல மாதங்கள் கண்காணித்தபோது ஐதரசன் கோடொன்று ஏறத்தாழ 20 நாள் பிந்தியது. ஆகவே ஆரை 20 ஒளிநாள். வேகத்தின் வர்க்கத்தை ஆரையாற் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்க, சூரியனைப்போற் பல கோடி மடங்கு திணிவு வருகின்றது. இதனினும் எளிய கணக்கை உயர்வகுப்பிற் செய்திருப்பீர்கள்!

ஆயினும், இக்கணக்கில் இன்னொரு பெருக்கெண் ஒளிந்திருக்கின்றது. வாயு தட்டுப்போலச் சுழல்கின்றதா, உருண்டையாகச் சூழ்ந்துள்ளதா, நாம் பார்க்கும் கோணம் யாது என்பவற்றைப் பொறுத்தது அது. தட்டினை நேர்மேலிருந்து நோக்கினால் உண்மை வேகத்தின் சிறுபங்கே கோட்டில் தெரியும். ஒவ்வொரு திரளுக்கும் அதனைத் தனித்தறிதல் அரிது. பெரும்பாலும் சராசரி ஒன்றையே கொள்கின்றனர். எனவே தனித்திரள் ஒன்றன் விடை இரண்டு மூன்று மடங்கு பிழைத்தலும் கூடும். இவ்வெண்கள் ஐயமற்றனபோல் அச்சேறும்போது இச்செய்தி விடுபடுவது எனக்கு உவப்பன்று.

1963இல் மார்ட்டென் ஷ்மிட் தொலைவறிந்த 3சீ 273 என்னும் குவாசாரை, சிலி நாட்டிலுள்ள நான்கு பெருந் தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து நோக்கிய முடிவு 2018இல் வெளிவந்தது. வாயு தடித்த தட்டாகவே சுழன்றது. திணிவு ஏறத்தாழ 30 கோடி சூரியன்கள். எதிரொலி முறை 100 முதல் 400 ஒளிநாள் வரை எனக் கூறியிருந்த ஆரை, 150 ஒளிநாள் என நேரே கிடைத்தது.