முதுமைக்கு மருத்துவம் – 7: அந்த எண்ணைப் பார்ப்பது யார்?

இதயம் பலவீனமாகிவரும் நோயாளியிடம் டாக்டர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" இதயத்துக்கும் தலையணைக்கும் என்ன தொடர்பு என்று நோயாளிக்குத் தோன்றலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ரத்தத்தை உந்தித்தள்ளும் வலு இதயத்துக்குக் குறையும்போது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கிவைக்கிறது. அந்த நீர் காலில் வீக்கமாக இறங்கும், நுரையீரலிலும் சேரும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். பிறகு ஒருநாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே விடியும். அன்றைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

அந்த ராத்திரி திடீரென்று வருவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சர்வத் சவுத்ரி குழுவினர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் அன்றாட எடைக் குறிப்புகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, சேர்வதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எடை ஏறத் தொடங்கியிருந்தது தெரிந்தது. தேங்கிய நீரின் எடை அது. ஒரு வாரம் என்பது பெரிய அவகாசம். அதற்குள் யாராவது கவனித்து நீர் மாத்திரையின் அளவை மாற்றிக்கொடுத்தால், பல நோயாளிகள் மருத்துவமனைப் படியை மிதிக்காமலேயே தப்பிவிடலாம்.

அப்படியானால் வீட்டுக்கு வீடு ஓர் எடைக்கருவியைக் கொடுத்து, அது காட்டும் எண் மருத்துவமனைக்குப் போய்ச்சேர வழிசெய்துவிட்டால் போதுமே? இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகள் இதைத்தான் செய்துபார்க்கின்றன. சில இடங்களில் நல்ல பலன். சில இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் இந்த வாரக் கதை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவத்தைக் கவனிக்க அரசுத் துறை ஒன்று தனியாக இருக்கிறது. நாடு முழுக்க அதற்குச் சொந்த மருத்துவமனைகள். காகிதக் கோப்புகளோடு மற்ற மருத்துவமனைகள் மல்லாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 'விஸ்டா' என்ற கணினிப் பதிவேட்டை அது தன் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் கொண்டுவந்துவிட்டது. 2003 ஜூலையில் அத்துறை, வீட்டிலிருக்கும் நாள்பட்ட நோயாளிகளைத் தொலைவிலிருந்தே கவனிக்கும் திட்டத்தை நாடு தழுவிய அளவில் தொடங்கியது. டாக்டர் ஆடம் டார்கின்ஸ் அதன் பொறுப்பாளர். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் என்று பலதும் சேர்ந்து வாட்டும் முதியவர்களே பெரும்பாலும் இதில் சேர்ந்தார்கள். அவர்கள் தேவையில்லாமல் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விடாமல் காப்பதே நோக்கம்.

பயன்பட்ட கருவிகள் சாதாரணமானவை. அவற்றில் ஒன்று 'ஹெல்த் பட்டி' என்ற சிறு பெட்டி. வீட்டுத் தொலைபேசி இணைப்பிலேயே வேலை செய்தது. காலையில் திரையில் கேள்விகள் வரும்: எடை எவ்வளவு? கால் வீங்கியிருக்கிறதா? மாத்திரை சாப்பிட்டாயிற்றா? நான்கு பெரிய பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் போதும். கண் மங்கிய, விரல் நடுங்கும் எண்பது வயதுக்காரரும் சமாளித்துவிடலாம்.

பதில்கள் போய்ச்சேரும் இடத்தில் பயிற்சி பெற்ற செவிலியரோ சமூகப் பணியாளரோ இருந்தார். ஒருவருக்கு 100 முதல் 150 நோயாளிகள் வரை. யார் வீட்டில் எடை ஏறியிருக்கிறது, யார் இரண்டு நாளாகப் பதில் தரவில்லை என்பதெல்லாம் அவருடைய திரையில் தெரியும். உடனே ஃபோன் செய்வார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த நோயாளியின் முழுப் பதிவையும் கணினியில் திறந்து பார்க்க அவரால் முடியும்: என்ன மாத்திரை, கடைசி ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எப்படி, அடுத்து எந்த டாக்டரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் டாக்டரிடம் பேசி அன்றைக்கே மருந்தை மாற்றிவிடலாம். நோயாளிக்கும் ஒரு நிம்மதி. தன்னை அறிந்த ஒருவர் அந்தப் பக்கம் இருக்கிறார்.

17,025 நோயாளிகளின் விவரங்களை வைத்து 2008இல் டார்கின்ஸ் குழு கணக்கு வெளியிட்டது. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் 25 சதவீதமும், அனுமதிகள் 19 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு ஆன செலவு 1,600 டாலர். முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு அவர்கள் காட்டிய ஆண்டுச் செலவோ 77,000 டாலருக்கும் மேல். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே நோயாளிகளின் 'முன்பு', 'பின்பு' நிலைகளை ஒப்பிட்ட கணக்கு இது; திட்டத்தில் சேராத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. அதனால் பலன் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்கக்கூடும்.

அந்தக் குறையைத் தீர்க்கும் பெரிய ஆய்வு 2010இல் வந்தது. எடை ஏறுவதைக் கண்டுசொன்ன அதே சவுத்ரிதான் அதற்கும் தலைமை. அண்மையில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த 1,653 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் தினமும் ஓர் எண்ணுக்கு ஃபோன் செய்து, பதிவுசெய்த குரல் கேட்கும் கேள்விகளுக்குத் தொலைபேசிப் பொத்தான்களை அழுத்திப் பதில் தர வேண்டும். மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து முதல் குழுவில் 52.3 சதவீதம், இரண்டாம் குழுவில் 51.5 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை!

காரணம் அந்த ஆய்வுக்குள்ளேயே தெரிகிறது. ஃபோன் செய்ய வேண்டிய குழுவில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேர் ஒரு தடவைகூட ஃபோன் செய்யவில்லை. கடைசி வாரத்தில் மூன்று தடவையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம்தான். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, சோர்ந்துபோய்க் கிடக்கும் ஒருவரை, எந்த மனிதரும் பேசாத எண்ணுக்குத் தினமும் கூப்பிடு என்றால் எத்தனை நாள் கூப்பிடுவார்? அந்தப் பதில்களை மருத்துவர்கள் பார்த்ததும் வார நாட்களில் மட்டும்தான். சனி, ஞாயிறு என்று பார்த்தா நீர் தேங்குகிறது?

பெர்லின் நகரின் ஷாரிட்டே மருத்துவமனையில் டாக்டர் ஃப்ரீட்ரிஷ் கோலர் இதையே வேறு மாதிரி செய்தார். 2013 முதல் ஜெர்மனியின் பல பகுதிகளிலிருந்தும் 1,571 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். சராசரி வயது 70. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எடைக்கருவி, ரத்த அழுத்தக் கருவி, இசிஜி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி எல்லாம் வீட்டுக்கே வந்தன. அவை காட்டும் அளவுகள் தாமாகவே மையத்துக்குப் போயின. அங்கே டாக்டர்களும் செவிலியர்களும் இரவு பகலாக, வாரத்தின் ஏழு நாளும் இருந்தார்கள். நோயாளிகளுக்கும் அவ்வப்போது ஃபோன் வரும். முடிவு 2018இல் 'லான்செட்' இதழில் வெளியானது. இதய, ரத்தநாள நோயால் எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர்ந்ததாலோ இறப்பாலோ இழந்த நாட்கள், வழக்கமான சிகிச்சையில் ஆண்டுக்கு 24.2; இந்த முறையில் 17.8. இறப்பும் நூறு பேருக்கு ஆண்டுக்கு 11.34லிருந்து 7.86ஆகக் குறைந்தது. 2020 டிசம்பரில் ஜெர்மனியின் பொதுக் காப்பீடு இந்தச் சேவையை ஏற்றுக்கொண்டது.

செலவைப் பற்றிய எச்சரிக்கை இங்கிலாந்திலிருந்து வருகிறது. கார்ன்வால், கென்ட், நியூஹாம் பகுதிகளில் இதே போன்ற தொலைக்கண்காணிப்பைப் பற்றி 3,230 பேரை வைத்து நடந்த ஆய்வில் இறப்பு குறைந்தது. ஆனால் அங்கே கூட்டிப் பார்த்தபோது, கிடைத்த பலனுக்குச் செலவு மிக அதிகம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். அமெரிக்கப் படைவீரர் துறைக்கு இந்தச் சிக்கல் குறைவு. மருத்துவமனையும் அதனுடையது, பணம் கட்டுவதும் அதுவே. ஒரு படுக்கை காலியானால் அத்துறைக்கே மிச்சம். படுக்கை நிரம்பினால்தான் வருமானம் என்றிருக்கும் மருத்துவமனைக்கு இதில் என்ன அக்கறை இருக்கும்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிவந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். ஆளே நேரில் வரும் ஏற்பாடு இது. எடுத்துச் செல்லும் எண்ணைப் பார்த்து அன்றைக்கே மருந்தை மாற்ற ஒருவர் மறுமுனையில் இருந்தால், பல நாடுகள் கோடிகளைக் கொட்டித் தேடுவது நம் தெருவிலேயே கிடைத்துவிடும். அரசு அடுத்துச் செய்ய வேண்டியது அதைத்தான்.

அதுவரை, வீட்டில் இதயச் செயலிழப்பு உள்ளவர் இருந்தால் ஓர் எடைக்கருவியும் நோட்டும் வாங்கி வையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போதே டாக்டரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எடை எவ்வளவு ஏறினால் கூப்பிட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் யாரை?