மூச்சிரைப்பு, மரத்துப்போன கால், சிவப்புப் புள்ளி... மூணும் ஒரே நோயா? ரத்தநாள அழற்சி பற்றி தெரிஞ்சுக்கோங்க!

அரியலூர் பக்கம் யாருக்காவது மூச்சு இரைத்தால், ‘சிமெண்ட் தூசுதான்’ என்பார்கள். பெரம்பலூரில் வயல் வேலைக்குப் போகிறவருக்குக் கால் மரத்துப்போனால், ‘சுகரா இருக்கும்’. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்கு வந்து, கூடவே காலில் சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தால்?

அப்போது டாக்டர்கள் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று வாஸ்குலைட்டிஸ், அதாவது ரத்தநாள அழற்சி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாயின் சுவரைத் தாக்கும். சுவர் வீங்கி பாதை சுருங்கும், சில இடங்களில் ரத்தம் கசியும். குழாய்கள் உடம்பு முழுக்க ஓடுவதால் அறிகுறியும் எங்கே வேண்டுமானாலும் தலைகாட்டும்.

ஒருவருக்கே இரண்டு வகையா?

இதில் பல வகை உண்டு. ஒரு வகையில் ஆஸ்துமா, ரத்தத்தில் இசினோபில் அணுக்கள் அதிகரிப்பு, நரம்புப் பாதிப்பு சேர்ந்து வரும். இன்னொன்று மூக்கு, நுரையீரல், சிறுநீரகத்தைப் பிடிக்கும். சிலருக்கு இரண்டின் அடையாளமும் கலந்தே இருக்கும். இப்படி ஒரே பெயருக்குள் அடங்காத நோயாளிகளைப் பற்றி, ‘பாலிஆன்ஜைட்டிஸ் ஓவர்லாப்’ என்ற பெயரில் 1986-ல் இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் கட்டுரை எழுதினார்கள். அதில் ஒருவர், கொரோனா காலத்தில் டிவியில் அடிக்கடி பார்த்த அதே அந்தோணி ஃபௌசி!

சிக்கல் எங்கே?

மூச்சுக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒருவர், தோலுக்கு இன்னொருவர். மூணு சீட்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இருமலில் ரத்தம் வந்து, எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி தெரிந்தால் டிபி என்றுதான் தோன்றும். நம்ம ஊரில் அது தப்பான சந்தேகமும் இல்லை. சளியில் கிருமி இல்லை, டிபி மருந்து சாப்பிட்டும் குறையவில்லை என்றால் மறுபடி யோசிக்க வேண்டும். காலிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சுகரால் வரும் மரமரப்பு பொதுவாக இரண்டு பாதத்திலும் மெதுவாக ஏறும். இதில் திடீரென ஒரு பாதத்தைத் தூக்கவே முடியாமல் போகலாம்.

இதற்குள் சிறுநீரகம் வலியே இல்லாமல் கெடலாம். அதைக் காட்டிக்கொடுப்பது சாதாரண யூரின் டெஸ்ட்தான். அதில் ரத்தமோ புரதமோ தெரிந்தால் அலட்சியம் கூடாது. பிறகு ‘ஆன்கா’ ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் பயாப்சி. ஆன்கா நெகட்டிவ் என்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எங்கே போகலாம்?

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை. எல்லா சீட்டையும், எக்ஸ்ரேயையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு பொது மருத்துவரைப் பாருங்கள். ருமட்டாலஜி நிபுணர் தேவைப்பட்டால் அவரே அனுப்புவார். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கான துறைகள் உண்டு.

இரண்டு வகை கலந்திருந்தால் சிகிச்சையும் இரண்டா? இல்லை. எந்த உறுப்பு அதிகம் பாதித்திருக்கிறது என்பதைப் பார்த்தே ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளை முடிவு செய்கிறார்கள். ‘உடம்பு தேறிடுச்சே’ன்னு ஸ்டீராய்டை நீங்களே சட்டென நிறுத்தினால், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரை போகலாம். டாக்டர் சொல்லித்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.