செயலி செய்தால் போதுமா? ராமேஸ்வரம் கரை தரும் பாடம்

விவசாயிகளுக்கோ மீனவர்களுக்கோ நீங்களே ஒரு செயலி உருவாக்கியிருக்கிறீர்களா? அதற்கான இணையதளத்தைத் தொடங்கும் முன் ராமேஸ்வரம் கரையைக் கவனியுங்கள்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' செயலி அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி ஆகியவற்றைத் தமிழில் தருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் கடல் தகவல்கள் இதில் கிடைக்கின்றன. சர்வதேச கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்யும். பாக் நீரிணையில் எல்லை தாண்டினால் கைது, படகு பறிமுதல். எனவே இங்குள்ள மீனவருக்கு அந்த எச்சரிக்கைதான் முதல் தேவை.

உங்கள் இணையதளத்தின் முதல் வரியிலும் தொழில்நுட்பப் பெருமை வேண்டாம். பயன்படுத்துபவரின் கவலைக்குப் பதிலை எழுதுங்கள். பெரிய படங்களைத் தவிருங்கள். டவர் சரியாகக் கிடைக்காத இடத்திலும் பக்கம் திறக்க வேண்டும். வானிலைத் தகவலுக்குத் தேதி, நேரம் அவசியம். பழைய தகவலை நம்பிக் கடலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நடுக்கடலில் எது இயங்கும், எது இயங்காது என்பதையும் மறைக்காதீர்கள். ஜி.பி.எஸ். இயங்க டவர் தேவையில்லை. புதிய வானிலைத் தகவல் வரத் தேவை.

விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன், மீன் இறங்குதளத்தில் பத்துப் பேரிடம் செல்போனைக் கொடுத்துப் பாருங்கள். விரல் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள். தொடர்பு எண்ணை அழைத்தால் ஆள் எடுக்க வேண்டும். ஒரு படகுக்காரர் நம்பிவிட்டால், பக்கத்துப் படகுக்கு அவரே சொல்லிவிடுவார்.