நாட்டிய ராணியைப் பலிகொண்ட பாவாடை

"பாலே" என்னும் மேல்நாட்டு நடனத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கால் விரல் நுனியில் நின்று, வெள்ளை வெளேர் என்ற பாவாடை குடைபோல் விரிய, அழகிகள் பம்பரமாகச் சுழல்வார்கள். அந்தப் பாவாடைக்கு "டூட்டூ" என்று பெயர்.

பார்ப்பதற்குப் பஞ்சு மேகம் மாதிரி இருக்கும். ஆனால் பல இளம் பெண்களின் உயிரைக் குடித்த பாவாடை அது!

காற்று மோகினி

1832-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி. பாரிஸ் நகரின் ஓபரா அரங்கில் "லா சில்பீட்" என்ற புதிய நாட்டிய நாடகம் அரங்கேறியது. கல்யாணம் நிச்சயமான ஒரு வாலிபன் மீது காற்று மோகினி ஒருத்தி மையல் கொள்கிறாள். இதுதான் கதை.

மோகினியாக ஆடியவர் மரி தாக்லியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ.

அதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பு நடனமாதர்கள் கனமான பட்டு உடுத்தி, வளையம் வைத்த அகன்ற பாவாடையோடு மேடைக்கு வந்தார்கள். அந்த உடையில் துள்ளிக் குதிக்க முடியுமா? காற்றில் மிதக்கத்தான் முடியுமா?

தாக்லியோனியோ உடலைப் பிடித்த மேற்சட்டையும், மணியைக் கவிழ்த்தாற்போன்ற வெள்ளைப் பாவாடையும் அணிந்து வந்தார். பாவாடை முழங்காலுக்குக் கீழே வந்து, கணுக்காலுக்கு மேலே நின்றது. முதுகில் இரண்டு சிறு இறக்கைகள். விரல் நுனியில் அவர் நகர்ந்தபோது, தரையில் கால் படுகிறதா என்றே ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது!

அன்று முதல் எங்கும் வெள்ளைப் பாவாடைதான். 1841-ல் அரங்கேறிய "ஜிஸெல்" நாடகத்தில், கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன கன்னிகளின் ஆவிகள் கூட்டமாக வந்து ஆடுகின்றன. அத்தனை பேருக்கும் அதே வெள்ளை உடைதான்.

இரண்டு புதுமைகள்

இந்த மாயத்துக்கு இரண்டு புதுமைகள் கைகொடுத்தன.

ஒன்று, வலைத்துணி. கையால் பின்னிய காலத்தில் அது பிரபுக்கள் வீட்டுச் சரக்கு. 1809-ல் ஜான் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் அதைப் பின்னும் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அதன்பின் கொசுவலை போன்ற மெல்லிய துணி கெஜக்கணக்கில் கிடைத்தது. மஸ்லினும் வலைத்துணியும் அடுக்கடுக்காகச் சேர்ந்து பாவாடை ஆயிற்று.

மற்றொன்று, காஸ் விளக்கு. 1822-ல் பாரிஸ் ஓபராவுக்கு அது வந்தது. குழாயைத் திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். மேடையிலேயே நிலா வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிடலாம். அந்த வெளிச்சத்தில் வெள்ளைப் பாவாடை பனிப்புகை போல் மின்னியது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்த சுடர். இன்னொரு பக்கம் அடுக்கடுக்கான மெல்லிய துணி. அடுக்குகளுக்கு நடுவே காற்று. ஒரு பொறி போதாதா?

அடுத்தடுத்து மரணம்

1844 டிசம்பரில் லண்டன் டுரூரி லேன் அரங்கில், ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனமணியின் பாவாடை மேடை விளக்கில் பட்டது. ரசிகர்களின் கண் எதிரிலேயே தீப்பிடித்தது. மூன்றாம் நாள் அவள் இறந்தாள்.

1861 செப்டம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உடை மாற்றும் அறையில் ஒருத்தி உடையில் பிடித்த தீ மற்றவர்களுக்கும் தாவியது. கேல் சகோதரிகள் உள்பட குறைந்தது 6 பெண்கள் மாண்டார்கள்.

தீக்கு மருந்து இல்லாமல் இல்லை. 1821-லேயே கே-லுஸாக் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, வெண்காரம் முதலிய உப்புகளைக் கரைத்த நீரில் துணியை நனைத்தால் எளிதில் தீப்பற்றாது என்று கண்டுபிடித்திருந்தார். பின்னர் கார்த்தரோன் என்பவரும் அத்தகைய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். மேடைத் திரைகளையும் உடைகளையும் அப்படிப் பக்குவம் செய்ய வேண்டும் என்று 1859-ல் பிரெஞ்சு அரசாங்கம் உத்தரவும் போட்டது.

ஆனால் நனைத்த துணி விறைத்துப் போயிற்று. வெண்மை மங்கிற்று. மிதக்க வேண்டிய பாவாடை தொங்கியது. நடனமாதர்கள் அதைத் தொட மறுத்தார்கள்.

எம்மா லிவ்ரி

மறுத்தவர்களில் ஒருத்தி எம்மா லிவ்ரி. 16 வயதில் அதே "லா சில்பீட்" நாடகத்தில் ஆடிப் பாரிஸையே மயக்கியவள். ஓய்வு பெற்றிருந்த தாக்லியோனி அவளுடைய ஆட்டத்தைக் கண்டு பூரித்துப்போனார். தாமே அவளுக்குக் குருவானார். அவளுக்காக 1860-ல் "வண்ணத்துப் பூச்சி" என்ற நாட்டிய நாடகத்தை அமைத்தார். அதில் தீவட்டியை நோக்கிப் பறக்கும் வண்ணத்துப் பூச்சியின் இறக்கைகள் கருகிவிடும்!

அதே ஆண்டில், பக்குவம் செய்யாத சாதாரணப் பாவாடையோடுதான் ஆடுவேன், என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையதே என்று எம்மா ஓபரா நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்தாள்.

1862 நவம்பர் 15-ந் தேதி ஒத்திகை நடந்தது. எம்மாவுக்கு ஊமைப் பெண் வேஷம். உட்காருவதற்கு முன் பாவாடையை உதறி விரித்தாள். அருகில் இருந்த காஸ் சுடர் குப்பென்று பற்றிக்கொண்டது. அலறிக்கொண்டு மேடையில் ஓடினாள். ஓட ஓடத் தீ வளர்ந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் ஈரக் கம்பளத்தால் அவளை மூடினார்.

8 மாதங்கள் படுக்கையில் வேதனைப்பட்டாள். பக்குவம் செய்த பாவாடையில் ஆபத்து குறைவுதான்; ஆனாலும் அது அவலட்சணம், மறுபடி மேடை ஏறினாலும் அணிய மாட்டேன் என்று அப்போதும் அவள் சொன்னதாகக் கூறுவார்கள். 1863 ஜூலை 26-ந் தேதி அவள் கண் மூடினாள். வயது 20.

அவளுடையது வெறும் பிடிவாதமா? காற்றில் மிதப்பவள் என்பதற்காகத்தான் ஜனங்கள் அவளைக் கொண்டாடினார்கள். மிதக்காத மோகினிக்கு யார் கை தட்டுவார்கள்?

பிறகு

1873-ல் அந்த ஓபரா அரங்கமே தீக்கு இரையாயிற்று. 1881-ல் லண்டன் சவாய் அரங்கில் மின்சார விளக்கு எரிந்தது. மற்ற அரங்குகளிலும் திறந்த சுடர் மெல்ல மெல்ல மறைந்தது. பாவாடையும் குட்டையாகி, தட்டுப்போல் விறைத்து நின்றது. "டூட்டூ" என்ற பெயர்கூட அந்தக் காலத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது.

எம்மாவின் உடையில் எரியாமல் எஞ்சிய துண்டுகள் பாரிஸ் ஓபராவின் காட்சிசாலையில் இருக்கின்றன. கையளவு கருகிய துணிதான். அவளை மோகினியாக்கிய துணியும் அதுதான். அவளை எரித்த துணியும் அதுதான்.