முட்டை வேண்டுமா? முதலில் கோழியின் தீனியைக் கவனியுங்கள்!

"கோழிக்கென்ன, குப்பையைக் கிளறித் தானே தின்னுக்கும்" என்று சொல்லாத வீடு இல்லை. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. களத்தில் சிந்திய கம்பு, சோளம், எருக்குழியில் நெளியும் புழு, வேலியோரத்துக் கீரை என்று எல்லாமே அதற்குக் கிடைத்தன. இன்றைக்கு எத்தனை வீட்டில் களம் இருக்கிறது, எருக்குழி இருக்கிறது? வாசலெல்லாம் சிமெண்டுத் தளம். குப்பையைக் கிளறினால் பாலிதீன் பைதான் வருகிறது. கோழி மட்டும் பழைய கோழியாகவே இருக்கிறது. அதற்கு வேண்டியதை நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு 23 வருஷம் ஆகிறது. வீட்டில் 12 நாட்டுக் கோழிகளும் ஒரு கறவை மாடும் உண்டு. தீனி விஷயத்தில் என் மாமியாரிடம் கற்றது பாதி, கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டது மீதி. சகோதரிகளுக்கும் பயன்படட்டுமே என்று எழுதுகிறேன்.

தோல் முட்டை ஏன்?

எங்கள் பின் வீட்டுப் பெண்ணுக்கு மூன்று வயதில் ஒரு பையன். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மகளிர் குழுவில் கடன் வாங்கி 6 பெட்டைக் கோழிகள் வாங்கினாள். பையனுக்குத் தினம் ஒரு முட்டை, மிச்சத்தை விற்றுக் கடன் தவணை. கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டே மாதத்தில் முகம் வாடி வந்து நின்றாள்.

"ஏனுங்கக்கா, முட்டையெல்லாம் ஓடே இல்லாம தோலாட்டம் வருதுங்க. ஒரு கோழிக்கு நிக்கவே முடியல. பேசாம கறிக்காரருக்கே குடுத்துப்போடலாம்னு இருக்கறனுங்க."

"என்ன தீனி போடறே கண்ணு?"

"சோறுதானுங்க. ரெண்டு வேளையும் வவுறு நெறையப் போடறேன். நாய்த் தொல்லைன்னு வெளிய விடறதில்லீங்க."

வயிறு நிறைந்தது சரி. ஆனால் சோற்றில் முட்டைக்கு வேண்டிய சரக்கு இல்லையே! ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீனியில் அது கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை, பிறகு கால் தளர்ச்சி. பிள்ளை பெற்ற நமக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

கிளிஞ்சல் தூள், புண்ணாக்கு, கீரை எல்லாம் சேர்க்கச் சொன்னேன். மூன்றாம் வாரத்தில் ஓடு கெட்டிப்பட்டது. நிற்க முடியாமல் போன அந்த ஒரு கோழி மட்டும் தேறவில்லை. மற்ற ஐந்தும் பிழைத்துக் கொண்டன. தவணையும் தவறவில்லை.

கிளிஞ்சல் தூள் கிடைக்காத ஊரில், வீட்டில் உடைக்கும் முட்டை ஓட்டையே கழுவி, வாணலியில் நன்றாக வறுத்து, நொறுக்கிப் போடலாம். முட்டை ஓடு என்று அடையாளம் தெரியாதபடி பொடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் தன் முட்டையையே கொத்தும் பழக்கம் வந்துவிடும். இதை மாலையில் ஒரு தனிச் சட்டியில் வையுங்கள். ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது.

கோழி சொல்லிக் கொடுத்த பாடம்

வெள்ளை அரிசி பற்றி டாக்டரம்மா ஒரு கதை சொன்னார். 1890-ஐ ஒட்டி, ஜாவாத் தீவில் (இன்றைய ஜகார்த்தா நகரில்) எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. பிறகு தானாகவே சரியாயிற்று! விசாரித்தால், நோய் வந்த சமயத்தில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டதால் தீட்டாத அரிசிக்கு மாறியிருக்கிறார்கள். தவிட்டில் போகும் பி1 வைட்டமின்தான் விஷயம் என்று பின்னால் தெரிந்தது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே, தவிட்டை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் வாங்கி வைத்த தவிடு நாளானால் சிக்கு வாடை அடிக்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

வீட்டிலேயே கலக்கலாம்

முட்டையிடும் கோழிகளுக்கு நான் கலக்கும் 10 கிலோ தீனி இது:

உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு - 5 கிலோ
அரிசித் தவிடு - 1 கிலோ 700 கிராம்
கடலைப் புண்ணாக்கு - 1 கிலோ 700 கிராம்
உப்பில்லாத கருவாட்டுத் தூள் - 600 கிராம்
கிளிஞ்சல் தூள் - 800 கிராம்
தாது உப்புக் கலவை - 200 கிராம்

அடைத்தே வளர்க்கும் கோழிக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். பகலெல்லாம் மேய்கிற கோழிக்கு அதில் பாதி போதும். காலையில் கொஞ்சம், அடையும் முன் கொஞ்சம் போடுங்கள். அடைத்த கோழிக்குச் சிறு கல்லும் பெருமணலும் ஒரு ஓரத்தில் இருக்கட்டும். அதற்குப் பல் இல்லை. இரைப்பையில் கல்தான் தீனியை அரைக்கிறது. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை எது மிஞ்சினாலும் கட்டித் தொங்க விடுங்கள்.

தண்ணீரை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தின்கிற தீனியைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும், சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். சட்டியைத் தினம் தேய்த்துக் கழுவி நிழலில் வையுங்கள்.

குஞ்சுகளுக்கு

இந்த முட்டைக் கோழித் தீனியைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அவ்வளவு சுண்ணாம்பு அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுக்கு வேண்டியது புரதம். முதல் எட்டு வாரமாவது கடையில் விற்கும் குஞ்சுத் தீவனம் நல்லது. வெறும் நொய்யும் கேழ்வரகும் போதாது.

என் மாமியார் வழி ஒன்று உண்டு. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் பானை நிறையக் கறையான்! குஞ்சுகள் போட்டி போட்டுத் தின்னும். செலவும் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கறையான் மருந்து அடித்த இடத்தில் வைக்கக் கூடாது.

தீனி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் கூட்டமே போய்விடும். தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலத்தோடு போட்டு விடுங்கள்.

மாட்டுக்குச் சோறு வேண்டாம்

விருந்து முடிந்தால் மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் பாசத்தோடு மாட்டுக்கு அண்டா அண்டாவாக வைப்போம். மாட்டின் வயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் ஏற்பட்டது. சோறு அதிகமானால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும். அசை போடாது, வயிறு உப்பும், கழியும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். ஆட்டுக்கும் இதே கதிதான். ஒரு கைப்பிடி கொடுத்துத் தொட்டுக் கும்பிடுங்கள், போதும். அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால் கை வைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

பூசணம் பிடித்ததை என்ன செய்வது?

"மனுஷருக்கு ஆகாது, மாட்டுக்கும் கோழிக்கும் போடு" என்று பூசணம் பிடித்த கடலையையும் புண்ணாக்கையும் ஒதுக்குவது பல வீட்டில் வழக்கம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அந்தப் பூசணத்து விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். ஈரலைக் கெடுக்கும். மாடு தின்றால் பாலில் வரும். அந்தப் பாலைக் காய்ச்சினாலும் விஷம் போகாது. அதே பாலைத்தானே நம் பிள்ளைக்கு ஆற்றிக் கொடுக்கிறோம்?

ஆகவே, புண்ணாக்கை வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள். பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் தயங்காமல் குழி தோண்டிப் புதைத்து விடுங்கள். காசு போனது போல் மனசு அடித்துக் கொள்ளும். பரவாயில்லை, போகட்டும்.