உச்சியில் ஒரே ஒரு செடி!



நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், தேதி போடாத நோட்டைத் திருத்தவே மாட்டேன். "ஒரு தேதிக்கா சார் இவ்வளவு கோபம்?" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். ஆண்டோடு எழுதி வைத்த ஒரு சிறு குறிப்பு, 176 ஆண்டுகளுக்குப் பிறகும் எப்படி உதவியது என்று இன்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் என்ற பெரிய மலைத்தொடர் இருக்கிறது. அதில், சுவிட்சர்லாந்து நாட்டில் 'பிஸ் லினார்ட்' என்று ஒரு சிகரம். உயரம் 3,410 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அப்படியானால் அது எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

1835ம் ஆண்டு, ஓஸ்வால்ட் ஹீர் என்ற அறிஞர் அந்த உச்சிக்கு ஏறினார். சுற்றிலும் பாறையும் கல்லும்தான். அவற்றின் நடுவே அவர் கண்ணில் பட்டது ஒரே ஒரு வகைச் செடி. அதன் பெயர் 'ஆண்ட்ரோசேஸ் அல்பினா'. தரையோடு தரையாக வளரும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னஞ்சிறு பூக்கள் பூக்கும். "ஒன்றுதானே, இதைப் போய் எழுதுவானேன்" என்று ஹீர் விட்டுவிடவில்லை. குறித்து வைத்தார்.

குள்ளமாக இருப்பது ஏன்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால், வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்தில் வியர்வை துடைத்தவர்கள், ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான். உயர்ந்த சிகரங்களில் கடுங்குளிரோடு பலத்த காற்றும் வீசும். பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். செடி வளரக் கிடைப்பது சில வாரங்களே.

அங்கே நிமிர்ந்து நின்றால் காற்று ஒடித்துவிடும். ஆகவே பல செடிகள் சின்ன மெத்தை போல நெருக்கமாக, தரையை ஒட்டி வளர்கின்றன. குளிரில் நீங்கள் போர்வைக்குள் சுருண்டு படுப்பீர்களே, அப்படித்தான்! வெயில் படும்போது, வெளிக்காற்றைவிட அந்த மெத்தைக்குள் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஒன்று பதினாறு ஆனது

ஹீருக்குப் பிறகு வேறு அறிஞர்களும் அதே உச்சிக்கு ஏறிக் கணக்கெடுத்தார்கள். செடி வகைகள் மெல்ல மெல்லக் கூடி 10 ஆயின. நெடுங்காலம் அந்த அளவிலேயே நின்றன. பிறகு வேகம் பிடித்தது. 2011ல் எண்ணியபோது 16 வகைகள்!

இது ஒரு சிகரத்தின் கதை மட்டும் அல்ல. ஐரோப்பாவில் 302 சிகரங்களின் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி, 2018ல் வெளியானது. பத்தில் எட்டுக்கும் அதிகமான சிகரங்களில் வகைகள் கூடியிருந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் பத்து ஆண்டுகளில் கூடியதைப் போல 5 மடங்கு, 2007 முதல் 2016 வரை கூடியிருந்தது. பூமி சூடாவதே இதற்குக் காரணம் என்கிறது அந்த ஆராய்ச்சி.

மகிழ்ச்சியா, கவலையா?

"செடிகள் கூடினால் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். புதிதாக வந்தவை, மலையில் கீழே வளர்ந்த செடிகள். முன்பு உச்சிக் குளிரில் பிழைக்க முடியாதவை, இப்போது அங்கே வேர் விடுகின்றன. அவற்றில் சில உயரமாக வளர்பவை. அவற்றின் நிழல் விழுந்தால், வெயிலை நம்பி வாழும் குள்ளச் செடிகள் என்ன செய்யும்?

கீழே உள்ளவை மேலே ஏறலாம். உச்சியில் இருப்பவை எங்கே ஏறும்? மொட்டை மாடிக்கு மேல் படி ஏது?

இந்தச் செடிகள் நீண்ட ஆயுள் உள்ளவை. உடனே மறைந்துவிடாது. அதனால் ஆபத்து நம் கண்ணுக்குத் தெரியத் தாமதமாகலாம். எண்ணிக்கொண்டே இருந்தால்தான் தெரியும்.

இதற்காகவே 2001ல் 'குளோரியா' என்ற திட்டம் தொடங்கியது. பல நாட்டு விஞ்ஞானிகள் சிகரங்களில் 1 மீட்டர் நீள, அகலச் சதுரங்களைக் குறித்து, ஒவ்வொரு செடியாகப் பார்த்து எழுதுகிறார்கள். மண்ணுக்குள் வெப்பமானியைப் புதைத்து வைக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதே சதுரத்தில் மறுபடி எண்ணுகிறார்கள்.

ஹீர் அன்று எழுதாமல் விட்டிருந்தால், ஒன்று பதினாறு ஆனது இன்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

நீங்களும் இதைச் செய்யலாம். உங்கள் தெருவில் உள்ள வேப்ப மரம் இந்த ஆண்டு என்று முதல் பூ விட்டது என்று பார்த்து, நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள்.

தேதி போட மறக்காதீர்கள்!